கார்னெலின் கழுத்து

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்காகச் சர்ச்சுக்குக் கீழே இருந்த கூடத்துக்கு இறங்கினார்கள். ஹோசியா தட்டில் வறுத்த கோழியும் கீரையும் வாங்கிக்கொண்டு மூலை மேஜைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் தலைகளைப் பார்க்க வேண்டியதில்லை.

முப்பது வருஷம் முடி வெட்டியவனுக்கு ஆட்களை முகத்தை வைத்துப் பார்க்கத் தெரியாது. ஒருத்தருக்குக் காதோரம் ஒரு பக்கம் ஏறியிருக்கும். இன்னொருத்தருக்குப் பின்கழுத்துக் கோடு சாய்ந்திருக்கும். அலபாமாவை விட்டு ஒஹையோவுக்கு வந்த நாளிலிருந்து அவனால் எதையும் தொட முடியவில்லை. பார்க்கத்தான் முடிந்தது.

எர்மாலின் அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள். பெரிய தொப்பி, அதில் ஒரு இறகு.

"ஏப்பா ஹோசியா, எங்க வீட்டுக்காரரு தலையப் பாத்தியா? காக்கா கூடு கட்டலாம். சாப்பிட்டு முடிச்சுட்டு சமையக்கட்டுல உக்கார வச்சு ஒரு சுத்து சுத்தி விட்டுரு."

"முடியாதுக்கா. லைசென்ஸ் வரட்டும்."

"அலபாமாவுல வெட்டினயா இல்லையா?"

"வெட்டினேன்."

"அங்க வளர்றது முடி, இங்க வளர்றது புல்லா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். ஹோசியாவும் சிரித்து வைத்தான். அவள் சிரிக்கவில்லை. "பெரிய ஆளா ஆயிட்ட" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? ஊரில் ரொம்ப நாள் லைசென்ஸ் என்று யாரும் கேட்டதில்லை. சித்தப்பா கடையில் நின்று பழகினான், அவர் போன பிறகு அதே நாற்காலிக்குப் பின்னால் நின்றான். சட்டம் வந்தபோது பழைய கை என்று அவனுக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். இங்கே அந்த அட்டை செல்லவில்லை. எந்தப் பள்ளியில் எத்தனை மணிநேரம் படித்தாய் என்று கேட்டார்கள். அவன் எந்தப் பள்ளி வாசலையும் மிதித்ததில்லை. அவன் அனுபவத்துக்கு இந்த மாநிலத்தில் கிடைத்த மரியாதை பரீட்சை எழுத ஒரு அனுமதி மட்டும்தான். எழுத்துப் பரீட்சை ஜனவரியில் முடிந்து தேறிவிட்டான். செய்முறைதான் பாக்கி. அதுவரைக்கும் காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு தலையைத் தொட்டு, அது யார் வாய் வழியாகவாவது லைசென்ஸ் கொடுக்கிற வாரியத்துக்குப் போனால், எல்லாம் முடிந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜூனியஸின் முடிவெட்டுக் கடையில் மூணாவது நாற்காலி காலியாக இருந்தது. ஜூனியஸ் நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சில் வளையமாட்டார்.

"ஈஸ்டர் வரைக்கும் வச்சிருப்பேன் தம்பி. ஈஸ்டருக்கு ஊர்ல உள்ள அத்தனை பயலும் தலையத் தூக்கிட்டு வருவான். அப்ப அந்த நாற்காலி சும்மா கெடந்தா எனக்குக் கட்டாது. வேற ஆளு கேட்டுட்டு இருக்கான்."

அந்த நாற்காலி போனால், அட்டை செல்லுகிற ஊருக்கே ஹோசியா பிழைக்கத் திரும்ப வேண்டியதுதான். தனியாக. மனைவி வெர்லின் வரமாட்டாள், வரவும் முடியாது. அவளுடைய அண்ணன் கார்னெலுக்குச் சர்க்கரை முற்றி, இடது காலில் பாதியை எடுத்துவிட்டார்கள். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவருக்காகத்தான் இரண்டு பேரும் கடையை, வீட்டை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தது. இருபத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் ஆளுக்கொரு மாநிலத்தில் கிடக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சை இருவரும் வாய்விட்டு எடுக்கவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் அது தினமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பகலில் ஹோசியா ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு கழுவினான், அந்தக் கூலி குடும்பத்துக்குப் பத்தாது. சாயங்காலம் வந்து பலூனை ஊதி, அதில் சோப்பு நுரை பூசி, சவரக்கத்தியால் வழித்துப் பழகினான். பள்ளியில் படிக்கிற பொடியன்கள் அப்படித்தான் பழகுவார்களாம், ஜூனியஸ் சொன்னார். கை தப்பினால் பலூன் வெடிக்கும். நுரை அடுப்பு வரைக்கும் தெறிக்கும்.

"இன்னைக்கு எத்தனை பேரு செத்தான்?" என்று உள்ளறையிலிருந்து கார்னெல் கத்துவார்.

"ரெண்டு பேரு, மச்சான்."

"நல்லவேளை, என்னைக் கேக்கல."

கேட்கவில்லைதான். பரீட்சைக்கு முடி வெட்டவும் சவரம் பண்ணவும் ஒரு ஆளை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மூணு நாள் தாடி முளைத்த முகமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கோவாச் என்ற வெள்ளைக்காரக் கிழவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். சுருளாத நேர் முடி, பஞ்சு மாதிரி தாடி. அந்த முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வழிக்கலாம். பரீட்சைக்கு முந்தின வாரம் அவர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். மேலே புதுப் பனி, அடியில் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் டெவான்டே என்று ஒருத்தன், சரி என்றான். மறுநாள் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எங்காளு விடமாட்டேங்கிறா."

"தாடி உன்னோடதா, அவளோடதா?"

"மூஞ்சிதான்ணே என்னோடது. தாடி அவளோடது."

தாடி இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இருந்தது. வேலை இல்லாதவன் தாடியைப் பிள்ளை மாதிரி வளர்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை பரீட்சை. தவறவிட்டால் அடுத்தது ஈஸ்டர் தாண்டித்தான்.

அன்றைக்கு வெர்லின் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டி வறுத்திருந்தாள். கார்னெல் தடியை ஊன்றி மேஜைக்கு வந்தார். நெஞ்சு வரைக்கும் நரைத் தாடி. அதை ஒரு கையால் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"ஆளு கெடைச்சானா மாப்ளே?"

"இல்ல மச்சான்."

"எதுக்குத் தெருத்தெருவா அலையுற? இங்க ஒருத்தன் ஒரு மூட்டை வச்சிருக்கேன், கண்ணு தெரியலயா?"

வெர்லின் மீன் கரண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "அண்ணே, அந்தப் பேச்சு வேண்டாம்."

"நான் மாப்ளையோட பேசிட்டு இருக்கேன்."

"மச்சான், உங்க கழுத்துக்கு ஆகாது" என்றான் ஹோசியா.

ஆகாது என்பது அவனுக்கு மட்டுமல்ல, அந்த மேஜையில் இருந்த மூவருக்கும் தெரியும். அவர்களைப் போன்ற கறுப்பு மனிதர்களின் முடி சுருள்முடி. தாடியை ஒட்ட வழித்தால் முடி நுனி ஊசி மாதிரி ஆகி, வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளரும். ஒவ்வொரு முடிக்கும் ஒரு கட்டி. கழுத்தில்தான் ரொம்ப மோசம். அதனால்தான் ஊர்க் கடைகளில் கழுத்துக்கு மெஷினோடு நிறுத்திவிடுவார்கள். கத்தி கோடு போடுவதற்கு மட்டும்தான். அப்படியே கத்தி வைத்தாலும் முடி படுத்திருக்கிற வாக்கில் மேலிருந்து கீழேதான். எதிர்வாக்கில், கீழேயிருந்து மேலே, ஹோசியா ஒரு கறுப்பு மனிதனின் கழுத்தில் கத்தியை இழுத்ததே இல்லை. சித்தப்பா அதற்கு அடிப்பார்.

பரீட்சையில் கழுத்துக்கு எதிர்வாக்கு இழுப்பு உண்டு. அது இல்லாமல் சவரம் முழுசாகாது.

"பட்டாளத்துல தினம் காலைல வழிக்கச் சொன்னான்" என்றார் கார்னெல். "வழிக்கலைன்னா தண்டனை. வழிச்சேன். ஆறே மாசத்துல கழுத்து எப்படி ஆச்சுங்கிற? மணி உதிர்த்த சோளக் கதிரு மாதிரி. சட்டை காலரு முழுக்க ரத்தம். கடைசில டாக்டரு சீட்டு குடுத்தான், இவன் வழிக்க வேண்டாம்னு. வெளிய வந்த அன்னைக்கி சத்தியம் பண்ணேன், இனி என் கழுத்துல கத்தி படாதுன்னு."

"அத நீங்களே சொல்லிட்டு..."

"சத்தியம் என்னோடது. நான் வச்சேன், நான் எடுக்குறேன். உனக்கென்ன?"

வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சர்க்கரை ஒடம்பு. கால் வெரல்ல ஒரு சின்னக் கொப்புளந்தான் வந்துச்சு. பாதிக் கால் போச்சு. கழுத்துல வந்தா எதை எடுப்பாங்க?"

அடுப்பில் மீன் கருகிற வாசனை வந்தது.

"தங்கச்சி" என்றார் கார்னெல், குரலை இறக்கி. "இவன் ஊருக்குப் போயிட்டா நீ ராத்திரி பாத்திரம் கழுவறப்ப அழுவ. எனக்குக் கேக்கும். என் கட்டில் அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். அதக் கேட்டுக்கிட்டு நான் படுத்திருக்கணுமா? என்னைப் பாக்க வந்ததுனால உங்க குடும்பம் ரெண்டாச்சுன்னு ஊர் சொல்லும். ஊர் சொல்லாட்டியும் நான் சொல்லுவேன். அதுக்குக் கழுத்து அரிச்சா அரிச்சிட்டுப் போகுது."

வெர்லின் எழுந்து போய்க் கருகின மீனை எடுத்துத் தட்டில் போட்டாள். "ரெண்டு பேரும் எப்படியோ போங்க" என்றாள். அது சம்மதமா கோபமா என்று ஹோசியாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் கார்னெலை உட்கார வைத்தான். கை வைக்கும் முன் ஒரு நிமிஷம் நின்றான். பரீட்சைக்கு ஆளைத் தயார் செய்தேன் என்று சொன்னால் வாரியம் கேட்குமா?

"மெஷினப் புடிங்க மச்சான், நீங்களே எடுத்துருங்க. நான் தொடக் கூடாது."

"அட, பயந்தாங்கொள்ளிப் பயலே" என்று சிரித்துக்கொண்டே கார்னெல் கண்ணாடியைப் பிடித்துத் தாமே தாடியை மெஷினால் எடுத்தார். நரைமுடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. ஹோசியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் இடப்பக்கம், காதுக்குக் கீழ" என்று வாயால் வேலை பார்த்தான். தாடி போனதும் உள்ளேயிருந்து வேறொரு மனிதர் வந்தார். சின்ன முகம், வெர்லின் மோவாய். கழுத்தில் பட்டாளத்துத் தழும்புகள் பழைய சில்லறைக் காசு மாதிரி வட்டம் வட்டமாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்துக்குக் கிளம்பினார்கள். வெர்லின் அவித்த முட்டையும் ரொட்டியும் பொட்டலம் கட்டி, அண்ணனின் மாத்திரை டப்பாவை அதற்கு மேல் வைத்துக் கொடுத்தாள். பரீட்சை நடக்கிற மாநிலத் தலைநகருக்கு மூணு மணி நேரம். இரண்டு பக்கமும் அறுத்த சோளக் கட்டைகள் பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

"உள்ள போனா பேசக் கூடாதாம் மச்சான். நீங்களும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது."

"எனக்கு அதான் பெரிய தண்டனை."

"தும்மல் வந்தா?"

"வந்தா விழுங்கிக்கிறேன். நீ ரோட்டப் பாரு."

கொஞ்ச தூரம் போய்க் கார்னெல் சொன்னார், "உன்ன எனக்குப் பிடிக்காது, தெரியுமா? தங்கச்சிக்கு வாத்தியாரு மாப்பிள்ளை வந்துச்சு. இவ போயி முடி வெட்றவனக் கட்டிக்கிட்டா. ரொம்ப வருசம் உன் பேரே நான் சொன்னதில்ல. 'அந்த மெஷின்காரன்'னுதான் சொல்லுவேன்."

"தெரியும் மச்சான். வெர்லின் சொல்லியிருக்கா."

"சொல்லிட்டாளா? கழுத." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய கூடம், வரிசையாக நாற்காலிகள். பரீட்சைக்கு வந்ததெல்லாம் இருபது வயதுப் பையன்களும் பெண்களும்தான். ஹோசியாவைப் பார்த்து ஒரு பெண் "நீங்கதான் வாத்தியாரா சார்?" என்று கேட்டாள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மேற்பார்வைக்கு வந்தார். எல்லோருக்கும் ஒரே குரலில் விதிகளை வாசித்தார். அவர் முகத்தில் அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. தன் வேலையைப் பார்க்கிற முகம்.

முடி வெட்டு நன்றாக முடிந்தது. கை தானாகப் போயிற்று. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த கை. கார்னெலின் தலை ஒழுங்காக எழுந்து வந்தது.

அப்புறம் சவரம். நாற்காலியைச் சாய்த்தான். சூடான துண்டு, நுரை, மறுபடி துண்டு, மறுபடி நுரை. கத்தியில் புது பிளேடு மாட்டினான். கன்னம், மீசைப் பக்கம், மோவாய். விதியில் சொன்ன வரிசைப்படி போனான். கழுத்தில் மேலிருந்து கீழே இழுத்தான். சரியாக வந்தது.

எதிர்வாக்கு வந்தது. கத்தியைக் கழுத்துக் குழிக்குமேல் வைத்தான். வைத்த கை நின்றுவிட்டது.

நடுக்கம் ஒன்றும் இல்லை. மாடு பழக்கமில்லாத பாலத்துக்கு முன்னால் நின்றுவிடுமே, அப்படி நின்றது. நுரைக்கு அடியில் அந்தத் தழும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கண்ணாடி போட்ட அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். பக்கத்து நாற்காலிகளில் கத்திகள் போய்க்கொண்டிருந்தன. இப்படியே கத்தியை எடுத்துத் துடைத்து வைத்துவிடலாம், இந்த ஆளுக்கு இது ஆகாது என்று சொல்லிவிடலாம் என்று ஹோசியா நினைத்தான். சொன்னால் அது சரிதான். ஈஸ்டருக்குப் பிறகு ஊருக்குப் பஸ் ஏறுவதும் சரியாகத்தான் இருக்கும்.

கார்னெல் கண்ணைத் திறந்தார். மேலே நிற்கிற ஹோசியாவின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தார். பேசக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு மோவாயை இன்னும் மேலே தூக்கினார். கழுத்துத் தோல் இழுபட்டு விறைப்பாக நின்றது. பலியாடு இப்படிக் காட்டாது. மனிதன்தான் காட்டுவான்.

ஹோசியா இழுத்தான். கீழேயிருந்து மேலே. சுருள்முடி அறுபடுகிற சத்தம் மணலில் கால் தேய்க்கிற மாதிரி கேட்டது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

திரும்பி வரும்போது கார்னெல் வழியெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "பொறந்த புள்ள மாதிரி இருக்குடா" என்றார். ஹோசியா ரோட்டையே பார்த்து ஓட்டினான். அந்த வழவழப்பு எத்தனை நாளைக்கு என்று அவனுக்குத் தெரியும்.

வார முடிவில் சிவந்தது. அடுத்த வாரம் கழுத்து முழுக்கக் கட்டி கட்டியாக எழும்பி, சிலதில் சீழ் வைத்தது. காய்ச்சலும் வந்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். யார் சவரம் பண்ணியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று ஹோசியாவுக்கு இருந்தது.

வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் துணியைப் பிழிந்து கார்னெல் கழுத்தில் ஒத்தடம் வைப்பான். தோல் இளகியதும் உள்ளே வளைந்த முடிகளை ஒவ்வொன்றாக ஊசி நுனியால் தூக்கி விடுவான். பிடுங்கக் கூடாது, தூக்கித்தான் விட வேண்டும். வெர்லின் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவனிடம் பேச்சு இல்லை.

ஒருநாள் அவளே பேசினாள். "உனக்கு வலிக்குதா?"

"எனக்கெங்க வலிக்குது? அவருக்குல்ல."

"பல்லக் கடிச்சிட்டு இருக்கியே, அதான் கேட்டேன்."

"ஏன் தங்கச்சி, எனக்கு வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?" என்றார் கார்னெல்.

காய்ச்சல் நின்றது. கட்டிகள் முழுசாக வற்றவில்லை. அந்தச் சமயத்தில்தான் லைசென்ஸ் தபாலில் வந்தது. வெர்லின் பிரித்துப் பார்த்தாள். "போட்டோல திருடன் மாதிரி இருக்க" என்று சொல்லிவிட்டு, முந்தைய வருஷங்களில் எப்போதோ செய்த மாதிரி அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

ஜூனியஸ் கடையில் சனிக்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மற்ற இரண்டு நாற்காலியும் ஓடிக்கொண்டிருந்தன, சுவரோரம் ஏழெட்டுப் பேர். டிவியில் கூடைப்பந்து. ஹோசியா லைசென்ஸைக் கண்ணாடிக்கு மேலே மாட்டினான். மாட்டி முடிப்பதற்குள் கதவு மணி அடித்தது. கார்னெல் தடியை ஊன்றி உள்ளே வந்தார், பின்னால் வெர்லின். காலருக்கு மேலே கழுத்து செக்கச்செவேல் என்று தெரிந்தது.

"வீட்ல இருங்கன்னு சொன்னேன்ல மச்சான்."

"மொத ஆளு நான்தான். ஏன், எனக்கு முடி இல்லையா?" நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

சுவரோரம் இருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "கடவுளே! யாருய்யா அது கழுத்த இப்படிக் கொத்தி வச்சது?"

கடை திரும்பிப் பார்த்தது. ஜூனியஸ் மெஷினை நிறுத்தினார். கடைகளில் அது சாதாரணக் கேள்வி இல்லை. அப்படி ஒரு கழுத்தை உண்டாக்கினவன் கையில் யாரும் தலையைக் கொடுக்கமாட்டார்கள்.

"நானேதான் பண்ணிக்கிட்டேன்" என்றார் கார்னெல், அசராமல். "கெழட்டுப் புத்தி. வயசுப் பொண்ணு ஒருத்தி சிரிச்சா. சரி, மூஞ்சியப் பளபளன்னு ஆக்குவோம்னு வழிச்சிட்டேன்."

கடை முழுக்கச் சிரிப்பு. "எதிர்வாக்குல வழிச்சீராக்கும்!" "அவ இப்பவும் சிரிக்கிறாளா பெருசு?" ஒருத்தன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். பட்டாளத்தில் ஒரு சார்ஜண்டுக்கும் வளையாத மனிதர் கண்ணாடியில் அவர்கள் எல்லோரையும் பார்த்துத் தாமும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஹோசியா துணியை உதறி விரித்தான். விரித்தபடியே நின்றான்.

"அவரு பண்ணல. நான் பண்ணேன்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"நீயா?" என்றார் ஜூனியஸ்.

"நான்தான். கத்தியில. ஒட்ட, எதிர்வாக்குல."

"தெரியாமலா?"

"தெரிஞ்சேதான். பரீட்சைக்கு."

அடுத்து உட்காருவதற்காக எழுந்து நின்ற ஒருவன் திரும்பவும் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டான். டிவியில் யாரோ கத்தினார்கள். ஜூனியஸ் மேலே மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தார், கார்னெலின் கழுத்தைப் பார்த்தார். தன் நாற்காலிக்காரரின் தலைக்குத் திரும்பிப் போனார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"சொல்லிட்டியா? இப்பத் திருப்தியா?" கார்னெல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "மூடிட்டு இருந்தா என்ன கேடு உனக்கு? இனி எவன் வருவான் இந்த நாற்காலிக்கு?"

"நீங்க வந்திருக்கீங்கள்ல. தலையக் குனிங்க மச்சான்."

கார்னெல் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். துணியைக் கழுத்தில் கட்டினால் புண்ணில் உரசும். ஹோசியா அதைக் கட்டாமல் இடது கையால் தோலில் படாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெஷினை ஓட்டினான்.

"குடு, நான் புடிக்கிறேன்."

"நீங்க ஆடாம இருந்தா போதும்."

ஒற்றைக் கையில் வெட்டுவதால் நேரம் பிடித்தது. சுவரோரம் இருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.